கேபிள், வை-ஃபை, போன் டெதரிங்: ஒரே கணினியில் மூன்றும் இருந்தால் நெட் எந்த வழியாகப் போகிறது?

வீட்டுக் கணினியில் லேன் கேபிள் செருகியிருக்கும். வை-ஃபையும் ஆனில் இருக்கும். ஃபைபர் அறுந்த அன்று அவசரத்துக்குப் போட்ட போன் டெதரிங்கும் (போனின் டேட்டாவைக் கணினிக்குக் கொடுப்பது) அணைக்கப்படாமல் கிடக்கும். சாயங்காலம் பார்த்தால் போனில் அன்றைய டேட்டா முழுக்கத் தீர்ந்திருக்கும். ஃபைபர் லைனில் ஒரு குறையும் இருந்திருக்காது. இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறு. ஃபைபர் பாக்ஸில் சிவப்பு விளக்கு எரிகிறது, போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டாயிற்று, போனில் யூடியூப் ஓடுகிறது, கணினியில் மட்டும் ஒரு பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் அடாப்டர் (நெட்டோடு இணைக்கும் கருவி) வேலையில் இருந்தால், எதன் வழியாக வெளியே போவது என்று விண்டோஸ் ஒரு எண்ணை வைத்து முடிவு செய்கிறது. அந்த எண்ணைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும். அதைப் பார்க்காமல் ரூட்டரை மாற்றுவதும், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதும் வீண் செலவு, வீண் அலைச்சல். இங்கே சொல்லும் முறை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுப் பெயர்கள் அங்கங்கே சற்று மாறும்.

முதலில், கணினியில் என்னென்ன அடாப்டர் இருக்கிறது

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் என், சி, பி, ஏ என்ற நான்கு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கம் திறக்கும். எல்லா அடாப்டரும் இங்கேதான் வரிசையாக நிற்கும்.

ஈதர்நெட் என்பது மதர்போர்டின் லேன் போர்ட். வை-ஃபை என்பது உள்ளேயே உள்ள வயர்லெஸ் கார்டு. யுஎஸ்பியில் செருகும் குட்டி வை-ஃபை கருவி (டாங்கிள்) தனியாக மாட்டியிருந்தால் அது வை-ஃபை 2 என்று வரும். போனை டெதரிங்கில் போட்டால் ஈதர்நெட் 2, ஈதர்நெட் 3 என்று புதிதாக ஒன்று முளைக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் ரிமோட் என்டிஐஎஸ் என்று இருந்தால் அது போன்தான், கேபிள் இல்லை. புளூடூத் நெட்வொர்க் கனெக்‌ஷன் என்று ஒன்று சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும். அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், விபிஎன் போன்றவற்றை எப்போதாவது நிறுவியிருந்தால் அவற்றின் அடாப்டர்களும் இங்கே இருக்கும்.

இப்போதே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை கிளிக் செய்து எஃப்2 அழுத்தி, புரிகிற மாதிரி பெயர் வையுங்கள். வீட்டு கேபிள், வீட்டு வை-ஃபை, போன். தமிழிலேயே வைக்கலாம். ஈதர்நெட் 4 எது, ஈதர்நெட் 5 எது என்று ஒவ்வொரு முறையும் குழம்புவதில்தான் நேரம் போகிறது. நாளைக்கு வெளியூரிலிருக்கும் மகனோ மருமகளோ போனில் வழி சொல்லும்போது, "போன்னு போட்டிருக்கே, அதை ரைட் கிளிக் பண்ணி டிசேபிள் குடுங்க" என்றால் யாரும் செய்துவிடுவார்கள்.

அந்த எண்

விண்டோஸ் ஒவ்வொரு அடாப்டருக்கும் மெட்ரிக் என்று ஒரு எண் போடுகிறது. எண் குறைவாக உள்ள அடாப்டருக்குத்தான் முதல் உரிமை. தானாகப் போடும்போது அடாப்டரின் இணைப்பு வேகத்தைப் பார்த்துப் போடுகிறது. கேபிள் 1 ஜிபிபிஎஸ்ஸில் இணைந்திருந்தால் 25. அதே கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருந்தால் 35. வை-ஃபைக்குத் தனி அட்டவணை: இணைப்பு வேகம் 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மேலே, 2 ஜிபிபிஎஸ்ஸுக்குக் கீழே என்றால் 30, 200 முதல் 500 வரை என்றால் 35, 80 முதல் 150 வரை என்றால் 45.

உங்கள் கணினியில் இப்போது என்ன எண் என்று பார்க்க, விண்டோஸ் பட்டனையும் ஆரையும் அழுத்தி சி, எம், டி என்று அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் ஆர், ஓ, யு, டி, இ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பி, ஆர், ஐ, என், டி என்று அடித்து என்டர். நிறைய வரிகள் ஓடும். ஐபிவி4 ரூட் டேபிள் என்ற தலைப்புக்குக் கீழே, 0.0.0.0 என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரியின் நடுவில் கேட்வே (அந்த வாசல், பெரும்பாலும் ரூட்டர்) முகவரி, அதற்கு அடுத்து அந்த அடாப்டரின் முகவரி, கடைசியில் மெட்ரிக். 0.0.0.0 வரி ஒன்றே ஒன்று என்றால் வழியும் ஒன்றுதான். குழப்பம் வேறெங்கோ இருக்கிறது. இரண்டு, மூன்று வரி இருந்தால் கடைசி எண் எதில் குறைவோ அதன் வழியாகத்தான் நெட் போகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு டவுன்லோட் போன் வழியாகத் தொடங்கிவிட்டால், நடுவில் கேபிள் திரும்பி வந்தாலும் அந்த டவுன்லோட் போன் வழியாகவேதான் முடியும். புதிதாகத் திறக்கும் இணைப்புகள்தான் புதிய வழியில் போகும். அதனால் வழியை மாற்றிய பிறகு பிரவுசரை மூடித் திறந்துவிட்டுச் சோதியுங்கள்.

கேபிள் செருகியிருந்தும் வை-ஃபையோ போனோ முந்திக்கொண்டால்

மேலே சொன்ன எண்களை இன்னொருமுறை பாருங்கள். கேபிள் 1 ஜிபிபிஎஸ்ஸில் இருக்கும் வரை 25. நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபைகூட 30 தான். கேபிள்தான் ஜெயிக்கும். அதே கேபிள் 100-க்கு இறங்கிவிட்டால் 35 ஆகிவிடும். இப்போது 30 உள்ள வை-ஃபை முந்திவிடும். போன் விஷயம் இன்னும் மோசம். பல ஆண்ட்ராய்டு போன்கள் யுஎஸ்பி டெதரிங்கில் தங்கள் வேகம் 400 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் என்று கணினியிடம் சொல்லும். அது யுஎஸ்பி வயரின் கணக்கு, டவரிலிருந்து வரும் வேகம் இல்லை. விண்டோஸுக்கு அது தெரியாது, 25 போட்டுவிடும். 35-இல் நிற்கும் கேபிளை போன் தாண்டிப் போய்விடும். டேட்டா காலியானதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். கேபிளும் நல்லபடியாக 25-இல் இருந்தால் இரண்டும் சமமாக நிற்கும். எது முந்தும் என்று நம்பி இருக்க முடியாது.

கேபிள் ஏன் 100-க்கு இறங்குகிறது? லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடி, எட்டு கம்பி. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டும் சரியாக இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி விட்டுப்போனால் நெட் நிற்காது; சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். நெட் வந்துகொண்டே இருப்பதால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதே இல்லை.

நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் வீட்டு கேபிளை இருமுறை கிளிக் செய்தால் ஸ்டேட்டஸ் பெட்டி வரும். ஸ்பீட் என்ற இடத்தில் 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும். 100.0 எம்பிபிஎஸ் என்று இருந்தால், முதலில் ரூட்டரின் லேன் போர்ட் ஜிகாபிட்தானா என்று பாருங்கள். விலை குறைந்த பல ரூட்டர்களில் போர்ட்டே 100 தான். ரூட்டர் ஜிகாபிட் என்றால் கேபிளை ஆராய வேண்டும்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் கேபிள் கெடும் இடங்கள் தெரிந்தவைதான். பாக்ஸ் தார்சாவில் (முன்கூடத்தில்), கணினி மச்சில் (மாடியில்). கேபிள் மட்டப்பா (மொட்டைமாடி) வழியாகச் சுற்றி வரும். சித்திரை வெயிலில் வெளி உறை வெடித்து, ஐப்பசி மழையில் ஈரம் உள்ளே இறங்கும். மட்டப்பாவில் அணில் கடிக்கும், அடுக்களைப் பரணில் எலி கடிக்கும். உவரி, கூட்டப்புளி மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பிளக்கின் ஊசிகளைப் பச்சை பூக்க வைக்கும். கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரம் போல வாசலிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும் வீடுகளில், கதவிடுக்கு ஒவ்வொன்றிலும் கேபிள் நசுங்கியிருக்கும். விலை குறைந்த கேபிளில் கம்பி முழுச் செம்பாக இருக்காது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருக்கும். இரண்டு மூன்று முறை மடக்கினாலே உள்ளே முறிந்துவிடும். வாங்கும்போது கேட்5இ அல்லது கேட்6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். மட்டப்பாவில் போவதென்றால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை கேபிள், அல்லது பிவிசி பைப்புக்குள்.

பிளக்கை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலைமை நிறைய நேரம் உண்டு. முனையில் 3 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு, வெளி உறையைச் சுமார் 2 செ.மீ. உரித்து, கம்பிகளை நேராக்கி வரிசைப்படுத்துங்கள். கிளிப் கீழே இருக்கும்படி, செம்பு ஊசிகள் உங்களைப் பார்க்கும்படி பிளக்கைப் பிடித்தால் இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனைக்கும் இதே வரிசை. எட்டு கம்பியின் நுனியும் பிளக்கின் முன்சுவரைத் தொடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அதற்கான கருவியால் அழுத்தி இறுக்குங்கள். வெளி உறையும் பிளக்குக்குள் சிறிது நுழைந்து பிடிபட வேண்டும், இல்லையென்றால் கேபிளை இழுக்கும்போதெல்லாம் கம்பி கழன்றுவரும். பச்சைக் கம்பிகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வராமல் 3-இலும் 6-இலும் வருவதைக் கவனியுங்கள். அவசரத்தில் செய்பவர்கள் தப்பு செய்வது அங்கேதான்.

கணினியில் ஐபி முகவரியைக் கையால் போட்டிருந்தால்

பிரின்டர் பகிர்வுக்காகவோ டாலி கணக்கு மென்பொருளுக்காகவோ சிலர் கணினிக்கு நிலையான ஐபி போட்டிருப்பார்கள். கேட்வேயைக் கையால் போடும்போது விண்டோஸ் அந்த வழிக்கு 256 கூடுதலாகச் சேர்க்கிறது. 25 இருந்தது 281 ஆகிவிடும். ரூட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்கும் வை-ஃபை 45-இல் இருந்தாலும் அதுதான் ஜெயிக்கும். கேபிள் நன்றாக இருந்தும், ஸ்பீட் 1.0 ஜிபிபிஎஸ் காட்டியும், கணினி வை-ஃபையையே பிடித்துத் தொங்கினால் இந்த 281-ஐத் தேடுங்கள்.

சரியான தீர்வு, கணினியில் ஐபியைத் தானாக எடுக்கும்படி விட்டுவிட்டு, ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் (கருவிகளுக்கு ஐபி கொடுக்கும் பகுதி) அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (அடாப்டருக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கி வைப்பது. முகவரியும் மாறாது, 256-உம் சேராது.

வரிசையை நாமே எழுதிவைப்பது

விண்டோஸின் கணக்கை நம்பாமல் நாமே வரிசை சொல்லிவிடுவது நல்லது. அடாப்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4, மறுபடி ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அடியில் ஆட்டோமேட்டிக் மெட்ரிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு எண்ணைப் போடுங்கள். வீட்டு கேபிளுக்கு 10, வை-ஃபைக்கு 30, போனுக்கு 60. வெர்ஷன் 6-க்கும் அதே எண்களைத் தனியாகப் போட வேண்டும். ஒன்றில் போட்டது மற்றதற்குப் போகாது.

வெர்ஷன் 6-இல் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, அதைத் தெரியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இன்டர்நெட் முகவரிகளில் பழைய முறை ஐபிவி4 (வெர்ஷன் 4), புதிய முறை ஐபிவி6 (வெர்ஷன் 6). மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6 தருகின்றன. உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் மூலம் வரும் ஃபைபர் லைன்கள் சிலவற்றில் ஐபிவி4 மட்டும்தான் வரும். அப்படிப்பட்ட வீட்டில் கேபிளுக்கு 10, போனுக்கு 60 என்று போட்டாலும், ஐபிவி6-க்கு இருக்கும் ஒரே வாசல் போன்தான். கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எல்லாம் ஐபிவி6-இல் கிடைப்பவை; விண்டோஸ் ஐபிவி6 கிடைத்தால் அதையே முதலில் எடுக்கும். வீடியோ முழுக்கப் போன் டேட்டாவில் ஓடும். இதை நிறுத்த, போன் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் வெர்ஷன் 6 வரிக்கு முன்னால் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். போதும்.

கூடவே செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், போன் இணைப்பை மீட்டர்டு கனெக்‌ஷன் ஆக்கிவிடுங்கள். தப்பித்தவறி அந்த வழியாகப் போனாலும் விண்டோஸ் அப்டேட்டின் பெரிய டவுன்லோடுகள் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஃபைபர் அறுந்த அன்று

இனி தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேஸ். பாக்ஸில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் கண்ணாடி இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் ஆடி ஆடி அறுவது வழக்கம்தான். லைன் செத்துவிட்டது, பாக்ஸ் சாகவில்லை. கணினிக்கும் பாக்ஸுக்கும் இடையே லேன் இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது, முகவரியும் கிடைக்கிறது, மெட்ரிக்கும் 10. பாக்ஸுக்கு அப்பால் ஒன்றும் இல்லை என்பதற்காக விண்டோஸ் வழியை மாற்றாது. போன் 60-இல் சும்மா காத்திருக்கும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: லேன் கேபிளைப் பிடுங்குங்கள், அல்லது வீட்டு கேபிளை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். வீட்டு வை-ஃபையும் அதே செத்த பாக்ஸுக்குத்தான் போகிறது, அதையும் துண்டியுங்கள். உடனே போன் வழி திறக்கும். லைன் சரியானதும் எனேபிள் செய்ய மறக்க வேண்டாம்.

கரண்ட் போய் வந்த பிறகு வரும் தொல்லை வேறு. கணினி அரை நிமிடத்தில் எழுந்துவிடும். பாக்ஸ் லைனைப் பிடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்குள் முகவரி கேட்ட கணினிக்குப் பதில் கிடைக்காமல் தனக்குத்தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும். பொறுக்க முடியாதவர்கள் கேபிளைக் கழற்றி மாட்டினால் போதும். பாக்ஸையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டும் சேர்ந்து மிகக் குறைந்த கரண்டைத்தான் எடுக்கும்.

முகவரியைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம்

கறுப்புத் திரையில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு, ஏ, எல், எல் என்று அடித்தால் ஒவ்வொரு அடாப்டரின் முகவரியும் வரும். 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கினால் பெரும்பாலும் வீட்டு பாக்ஸ் அல்லது ரூட்டர். 192.168.42 என்றால் பழைய ஆண்ட்ராய்டு போனின் யுஎஸ்பி டெதரிங், 192.168.43 என்றால் அதன் ஹாட்ஸ்பாட்; புதிய ஆண்ட்ராய்டுகளில் இது மாறிக்கொண்டே இருக்கும். 172.20.10 என்றால் ஐபோன். 192.168.56 விர்ச்சுவல்பாக்ஸ். 192.168.137 என்றால் இந்தக் கணினியே ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 169.254 என்றால் முகவரி கிடைக்கவில்லை.

குற்றவாளியைப் பிடிக்க, எல்லா அடாப்டரையும் டிசேபிள் செய்துவிட்டு ஒன்றை மட்டும் எனேபிள் செய்யுங்கள். பி, ஐ, என், ஜி என்று அடித்து இடைவெளி விட்டு கேட்வே முகவரி. பதில் வந்தால் ரூட்டர் வரை சரி. அடுத்து 8.8.8.8, பதில் வந்தால் லைன் சரி. 8.8.8.8 பதில் தந்தும் வலைத்தளம் திறக்கவில்லை என்றால் பழுது டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் ஏற்பாட்டில். ஒன்று முடிந்ததும் அதை அணைத்துவிட்டு அடுத்தது. இரண்டை ஒன்றாக வைத்துக்கொண்டு சோதித்தால் எதன் பதில் வருகிறது என்றே தெரியாது.

ஒரே எண்ணில் இரண்டு ரூட்டர்

ஆபரேட்டர் தந்த பாக்ஸ் தார்சாவில். அதன் வை-ஃபை மச்சுக்கு எட்டவில்லை என்று இன்னொரு ரூட்டரை வாங்கி மேலே மாட்டியிருப்பார்கள். ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருக்கும் வளவு வீடுகளில் பக்கத்து வீட்டு லைனிலிருந்து ஒரு கேபிளும் வந்து சேரும். இரண்டு ரூட்டரும் 192.168.1.1 என்ற முகவரியிலேயே இருந்தால், கேபிள் ஒன்றிலும் வை-ஃபை மற்றதிலும் இணைந்த கணினிக்கு இரண்டு பக்கமும் ஒரே தெருப்பெயர். பிரின்டர் 192.168.1.20-இல் இருக்கிறது என்றால் எந்தப் பக்கத்து 20 என்று அதற்குத் தெரியாது. ஒருநாள் பிரின்ட் வரும், ஒருநாள் வராது.

இரண்டாவது ரூட்டரை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் அமைக்காமல் வை-ஃபையை மட்டும் பரப்பும் நிலை) மாற்றிவிடுவதுதான் நல்ல வழி. அந்த மோட் அதில் இல்லையென்றால், அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை அணைத்து, பாக்ஸிலிருந்து வரும் கேபிளை டபிள்யூ, ஏ, என் என்று எழுதியிருக்கும் வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். 192.168.1.2 வேறு எந்தக் கருவிக்கும் போய்விடாதபடி பாக்ஸின் டிஎச்சிபி வரம்பை 192.168.1.10-இலிருந்து தொடங்க வைத்துவிடுங்கள்.

சிசிடிவி டிவிஆரை (கேமராப் பதிவுப் பெட்டியை) கணினியின் இரண்டாவது லேன் போர்ட்டில் நேராக மாட்டியிருந்தாலும் இதே குழப்பம் வரும். தாஹுவா நிறுவனத்தின் கருவிகள் 192.168.1.108 என்ற முகவரியோடு பெட்டியிலிருந்து வருபவை. வீட்டு பாக்ஸும் 192.168.1 தான். டிவிஆரை 192.168.10.108 ஆக்கி, அந்த லேன் போர்ட்டுக்கு 192.168.10.5, மாஸ்க் 255.255.255.0 என்று போடுங்கள். கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். அந்தப் பக்கம் இன்டர்நெட் இல்லை. கேட்வே போட்டால் இல்லாத வழிக்கு ஒரு 0.0.0.0 வரி முளைத்து நெட் விட்டுவிட்டு வரும். எத்தனை அடாப்டர் இருந்தாலும் கையால் போடும் கேட்வே ஒன்றுக்கு மேல் இருக்கவே கூடாது.

யுஎஸ்பி வை-ஃபை டாங்கிள்

சில டாங்கிள்களை மாட்டியதும் வை-ஃபையாக வராமல் சிடி டிரைவாக வரும். டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும். நிறுவியதும் வை-ஃபையாக மாறிவிடும். மாறவில்லை என்றால் அந்த சிடி டிரைவை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள். சிபியூ பெட்டியின் பின்புறத்தில், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே டாங்கிளை மாட்டினால் சிக்னல் கிடைக்காது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மேசைமேல் கொண்டுவாருங்கள். நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபைக்கு இரைச்சல் உண்டாகும். டாங்கிளை அதிலிருந்து விலக்கி வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் அதன் ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை துண்டிக்கப்படுவது பல நேரம் அதனால்தான்.

பிரிட்ஜும் நெட்வொர்க் ரீசெட்டும்

இரண்டு அடாப்டரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ் கொடுத்தால் வேகம் இரண்டு மடங்காகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆகாது. ஒரே ரூட்டருக்குப் போகும் கேபிளையும் வை-ஃபையையும் பிரிட்ஜ் செய்தால் வீட்டு நெட்வொர்க்கே சுற்றிச் சுற்றி மூச்சுத் திணறும் ஆபத்துதான் உண்டு. நெட்வொர்க் பிரிட்ஜ் என்று ஒன்று பட்டியலில் நின்றால் ரைட் கிளிக் செய்து டெலீட் செய்யுங்கள்.

செட்டிங்ஸில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட் எல்லா அடாப்டரையும் கழற்றிப் புதிதாக நிறுவும். கையால் போட்ட ஐபி, மெட்ரிக், வை-ஃபை பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும். விபிஎன்னை மறுபடி நிறுவவும் வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, வேறு வழியில்லை என்றால் மட்டும் தொடுங்கள். அதற்கு முன் ஷட் டவுன் செய்து திறக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருக்கும் கணினியில் ஷட் டவுன் டிரைவர்களை முழுதாக இறக்காது, ரீஸ்டார்ட்தான் இறக்கும்.

இடிக்குப் பிறகு லேன் போர்ட் செத்தால்

ஃபைபரில் கரண்ட் பாயாது என்பதால் இடி ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். பாக்ஸிலிருந்து மட்டப்பா வழியாகக் கணினிக்கு வரும் லேன் கேபிள் செம்பு. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் கோடை இடியும், மாவட்டம் முழுக்க ஐப்பசி, கார்த்திகை இடியும் லேன் போர்ட்டைத்தான் முதலில் பதம் பார்க்கும். இடி தொடங்கியதும் கரண்ட் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் பாதிப் பாதுகாப்புதான்.

செத்ததா என்று பார்க்க: கேபிளைச் செருகியும் போர்ட்டின் சின்ன விளக்குகள் எரியவில்லை, அதே கேபிளை லேப்டாப்பில் செருகினால் எரிகிறது என்றால் போர்ட் போய்விட்டது. டிவைஸ் மேனேஜரில் அதன் ப்ராப்பர்ட்டீஸில் ஒரு கோட் எண்ணும் வரலாம். கோட் 22 என்றால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள், பழுதில்லை. 28 என்றால் டிரைவர் இல்லை. 10, 43 இரண்டும் டிரைவர் கோளாறாகவும் இருக்கலாம், சிப் செத்ததாகவும் இருக்கலாம். டிரைவரை மாற்றியும் போகவில்லை என்றால் சிப்தான்.

இதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டாம். டெஸ்க்டாப்புக்கு ஒரு பிசிஐஇ ஜிகாபிட் லேன் கார்டு, லேப்டாப்புக்கு ஒரு யுஎஸ்பி 3.0 ஜிகாபிட் லேன் அடாப்டர் போதும். யுஎஸ்பி 2.0 அடாப்டர்களில் பல 100 எம்பிபிஎஸ்தான் தரும்; அப்புறம் மறுபடி அந்த 35-ஆம் எண் கதை. வாங்கும்போது டப்பாவில் 10/100/1000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். புதியதை மாட்டியதும் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய் மதர்போர்டின் பழைய லேனை டிசேபிள் செய்யுங்கள்; அரைகுறையாகச் செத்த சிப் கணினி திறக்கும் நேரத்தை இழுக்கும்.

பழைய போர்ட்டில் நிலையான ஐபி போட்டிருந்தால், அதையே புதிய கார்டில் போடும்போது அந்த முகவரி இப்போது இல்லாத வேறொரு அடாப்டரிடம் இருக்கிறது என்று விண்டோஸ் மறிக்கும். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுத்தால் பழைய அடாப்டர் மங்கலாகத் தெரியும். அதை அன்இன்ஸ்டால் செய்தால் முகவரி விடுபடும். மங்கலாகத் தெரிகிறதே என்று வான் மினிபோர்ட், வை-ஃபை டைரக்ட் என்று இருப்பவற்றையும் அழித்துவிட வேண்டாம், அவை விண்டோஸுக்குச் சொந்தமானவை. ரூட்டரில் ஐபி ஒதுக்கியிருந்தால் புதிய கார்டின் மேக் முகவரியை அங்கே மாற்றுங்கள். புதிய அடாப்டருக்குப் பழைய மெட்ரிக் ஒட்டாது. 10-ஐ மறுபடி போட வேண்டும், வெர்ஷன் 4, வெர்ஷன் 6 இரண்டிலும்.